பணம் கிளம்பிய தேதியைப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுங்கள்

கல்வி உதவி நிதியில் முறைகேட்டைத் தடுப்பது பற்றிப் பேச்சு எடுத்தாலே, இன்னொரு படிவம், இன்னொரு கையெழுத்து, இன்னொரு தணிக்கை என்றுதான் யோசனை போகிறது. இந்தக் கணக்குகளோடு பல வருடம் பழகிய எனக்குத் தோன்றுவது வேறு. பணம் யாருக்காகக் கிளம்பியதோ அந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எவ்வளவு வரவேண்டும், எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்பது தெரியவேண்டும். அது தெரியாத இடத்தில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும் பணம் வழியிலேயே நின்றுவிடும்.

உகாண்டாவில் நடந்ததைப் பாருங்கள். 1990களின் முதல் பாதியில் அந்த நாட்டு அரசு, மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு மானியம் ஒதுக்கிவந்தது. கல்விச் செலவு ஏறுகிறது, பள்ளிச் சேர்க்கை மட்டும் ஏறவில்லையே என்ற சந்தேகத்தில் உலக வங்கி உதவியோடு ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மேலிடத்துக் கோப்புகளோடு நிற்காமல் பள்ளிகளுக்கே போய்ப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். 1991 முதல் 1995 வரை ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்கு வந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு எதுவுமே வரவில்லை. மாவட்டத்துக்குப் பணம் விடுவித்தது உண்மைதான். அங்கிருந்து பள்ளிக்கு வரும் வழியில், உள்ளூர் அதிகாரிகளிடமும் அரசியல்வாதிகளிடமும் அது தங்கிப்போனது. வசதியான பெற்றோர் இருந்த பள்ளிகள் கேட்டு வாங்கிக்கொண்டன. ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகள்தான் அதிகம் இழந்தன. என்னை இன்றும் உறுத்துவது இந்தக் கடைசி விவரம்தான்.

அப்புறம் அரசு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பும் தொகையை நாளிதழ்களில் வெளியிட ஆரம்பித்தது. பள்ளிகளும் தங்களுக்கு வந்ததை அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும் என்றாயிற்று. 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கும் மேல் பள்ளிகளை எட்டியது. இதில் நாளிதழின் பங்கு மட்டும் இல்லை, அதே காலத்தில் நிதி அனுப்பும் முறையிலும் வேறு சீர்திருத்தங்கள் நடந்தன என்று பிற்பாடு சிலர் எடுத்துச் சொன்னார்கள். நியாயமான திருத்தம். அதற்காகத் தகவலின் பலத்தைத் தள்ளிவிட முடியாது. தனக்கு எவ்வளவு வரவேண்டும் என்றே தெரியாத தலைமையாசிரியர் யாரிடம் போய், என்ன என்று கேட்பார்?

ஏழை நாடுகளுக்கு உதவி கொடுக்கும் வெளிநாட்டு அரசுகளையும் அமைப்புகளையும் கொடையாளர்கள் என்பார்கள். அவர்களின் ஆவணங்களில், கொடுத்த பணம் வழிதவறும் ஆபத்தை மூன்றாகச் சொல்வார்கள்: பணம் சொன்ன காரியத்துக்குப் போகாமல் இருப்பது, கணக்குக் காட்டப்படாமல் இருப்பது, கொடுத்த பணத்துக்கு உரிய பலன் கிடைக்காமல் இருப்பது. நடைமுறையில் நம் உழைப்பில் பெரும்பகுதி நடுவில் உள்ளதற்கே போய்விடுகிறது. காகிதம் ஒழுங்காக இருந்தால் மற்ற இரண்டும் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அது எவ்வளவு தப்பு என்பது ஓர் ஆசிரியர் பயிற்சி முகாமின் பில் கட்டைப் பிரித்தாலே தெரியும். வருகைப் பதிவில் ஐந்து நாளுக்கான கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதுபோல் இருக்கும். சாப்பாட்டு ரசீதுகளில் தேதி நாளுக்கு நாள் மாறும், ரசீது எண் மட்டும் அடுத்தடுத்து வரும். இடையில் அந்தக் கடை வேறு யாருக்குமே ரசீது எழுதவில்லை என்றால் அது நடக்காத காரியம். கொள்முதல் கோப்பில் மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளி இருக்கும், மூன்றிலும் அதே எழுத்துப் பிழை. ஆனால் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாமே இருக்கிறது: வருகைப் பதிவு உண்டு, ரசீது உண்டு, மூன்று விலைப்புள்ளி உண்டு. கோப்பு பாஸ். அதே நாளில், மழைக்கு முன்னால் வகுப்பறைக் கூரையைச் சரிசெய்துவிடலாம் என்று உள்ளூர்க் கொத்தனாரைக் கூப்பிட்டு, பில் வாங்காமல் கூலி கொடுத்த தலைமையாசிரியர் மீது ஆட்சேபணை எழுதப்படும். அவர் பள்ளிக்குப் போய் மேலே நிமிர்ந்து பார்த்தால் கூரை இருக்கும். போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நான் தணிக்கைக்கு எதிரி இல்லை. தணிக்கை வேலை செய்யும் என்பதற்கு இந்தோனேசியாவில் செய்த ஒரு சோதனை இருக்கிறது. 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் சாலைப் பணி. அரசுத் தணிக்கை வருவதற்கான வாய்ப்பு வழக்கமாக 4 சதவீதம். சில கிராமங்களில் மட்டும், கட்டாயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அங்கே காணாமல்போன செலவு சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. ஊர்க்கூட்டம் போட்டு மக்களைச் சேர்த்த கிராமங்களில் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. மக்கள் பங்கேற்பு மட்டும் போதும் என்று சொல்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்கவேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, காணாமல்போனதை ஆய்வாளர்கள் அளந்த விதம்தான். பொறியாளர்கள் போட்ட சாலையைத் தோண்டி, எவ்வளவு கல்லும் மணலும் உள்ளே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஆகியிருக்கவேண்டிய செலவைக் காட்டிய செலவோடு ஒப்பிட்டார்கள். பள்ளிக்கூட நிதியிலும் அப்படித்தான் பார்க்கவேண்டும். பாடநூல் அச்சிட்ட பில்லைப் பார்த்ததோடு நிற்காமல், மாணவன் பையில் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிலிப்பைன்ஸில் 2003இல் தொடங்கி குடிமக்கள் அமைப்புகளும் சாரணர்களும் அரசோடு சேர்ந்து, பள்ளிக்கு வந்து இறங்கும் பாடநூல்களை எண்ணிப் பார்த்தார்கள். எண்ணுவதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. எத்தனை வரவேண்டும் என்ற எண்ணிக்கை கையில் இருந்தால் போதும்.

அரசின் கணக்குமுறையை நம்ப முடியவில்லை என்பதால் கொடையாளர்கள் தனித் திட்ட அலுவலகம் திறப்பது இன்னொரு பழக்கம். தனி வங்கிக் கணக்கு, தனி மென்பொருள், கூடுதல் சம்பளத்தில் தனிக் கணக்காளர்கள். பயம் புரிகிறது. ஆனால் அமைச்சகத்தில் இருந்த ஒன்றிரண்டு நல்ல கணக்காளர்களும் அந்தச் சம்பளத்துக்கு அங்கே போய்விடுகிறார்கள். திட்டம் முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டுகிறார்கள். அமைச்சகத்தின் கணக்குப் பிரிவு முன்பைவிடப் பலவீனமாகிவிடுகிறது. 2005இல் வெளிநாட்டு உதவியைச் சீர்படுத்தப் போட்ட பாரிஸ் பிரகடனத்தில், இப்படிப்பட்ட இணை அலுவலகங்களை மூன்றில் இரண்டு பங்கு குறைப்போம் என்று கொடையாளர்களே ஒப்புக்கொண்டார்கள். 2010க்கென்று வைத்த 13 உலகளாவிய இலக்குகளில் நிறைவேறியது ஒன்றே ஒன்று. அது இந்த இலக்கு அல்ல.

தாமதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை யாரும் முறைகேட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. முந்தைய தவணையைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் வரவில்லை என்று அடுத்த தவணையை நிறுத்துவார்கள். கடைசியில் நிதியாண்டு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது பணம் வந்து விழும். திருப்பி அனுப்பினால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையும் என்ற பயத்தில், கையில் கிடைத்ததை வாங்குவார்கள். அதற்குள் வருடம் முழுக்கச் சுண்ணக்கட்டியும் காகிதமும் கடனுக்கு வாங்கியாயிற்று. கடன் என்பதால் கடைக்காரர் விலையைக் கூட்டித்தான் போட்டிருப்பார். திருட்டு எதுவும் நடக்கவில்லை, கணக்கும் சரி, ஆனாலும் பணத்தில் ஒரு பகுதி வீண். தணிக்கை அறிக்கையில் இதற்கு ஒரு வரி இருக்காது.

முறைகேடு வெளியே வந்ததும் உதவியை நிறுத்துவது பற்றியும் எனக்கு வருத்தம் உண்டு. கென்யாவில் 2003இல் கட்டணமில்லா ஆரம்பக் கல்வி வந்தபோது லட்சக்கணக்கான பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்கு வந்தார்கள். கல்வி அமைச்சகத்தில் பணம் காணாமல்போனது தெரியவந்ததும், 2009 கடைசியில் பிரிட்டனும் அடுத்து அமெரிக்காவும் அந்தத் திட்டத்துக்கான நிதியை நிறுத்தின. மலாவியில் 2013இல் அரசின் கணினிக் கணக்குமுறைக்குள்ளேயே புகுந்து, பணம் கொடுத்ததற்கான பதிவை அழித்து மோசடி செய்தது அம்பலமானதும், கொடையாளர்கள் அரசு வரவுசெலவுக்கு நேரடியாகக் கொடுத்துவந்த உதவியை நிறுத்தினார்கள். கண்டும் காணாமல் இருக்கச் சொல்லவில்லை. வரிப்பணத்தைக் கொடுக்கும் மக்களுக்கு அவர்களும் பதில் சொல்லவேண்டும். ஆனால் எடுத்தவர்கள் வேறு, வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு.

அதனால் எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது என்பதை ஒப்பந்தம் போடும் நாளிலேயே எழுதிவிடவேண்டும். சந்தேகம் வந்தால் கொள்முதல், பயிற்சி, வாகனம், பயணப்படி எல்லாம் அன்றே நிற்கட்டும். ஆசிரியர் சம்பளமும் பள்ளி மானியமும் மட்டும், தொகையையும் தேதியையும் பள்ளிவாரியாகப் பகிரங்கமாக அறிவித்து, நேராகப் பள்ளிக் கணக்குக்குப் போகட்டும். காணாமல்போன தொகையை அந்த நாட்டு நிதி அமைச்சகம் கொடையாளர்களுக்குத் திருப்பிக் கட்டும்போது, அதை அந்த ஆண்டின் கல்வி ஒதுக்கீட்டிலிருந்து கழித்துக்கொள்ளக் கூடாது என்று தனி விதி வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளிடமிருந்தே இரண்டாவது முறையும் எடுத்துக் கட்டியதாக ஆகிவிடும்.