விளக்கைக் கூட்டினால் நுண்ணோக்கிப் படம் தெளிவாகாது

“படம் மங்கலாக இருந்தால் விளக்கை முழுதாகக் கூட்டி, கண்டென்சரை அடிவரை இறக்குங்கள், இரட்டிப்புத் தெளிவு கிடைக்கும்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி இராயபுரம், தண்டையார்பேட்டை மாணவர் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு. (கண்டென்சர் என்பது, கண்ணாடித் தகடு வைக்கும் மேடைக்குக் கீழே இருந்து விளக்கின் ஒளியைப் பொருளின்மீது குவிக்கும் லென்சுத் தொகுதி.)

விளக்கைக் கூட்டினால் படம் பிரகாசமாகுமே தவிர, நுண்விவரம் கூடாது; அதைத் தீர்மானிப்பவை ஒளியின் அலைநீளமும், பொருளருகு லென்சும் கண்டென்சரும் கையாளும் ஒளிக்கூம்பின் அகலமும்தான். 40/0.65 என்று பொறித்த லென்ஸ் (40 என்பது பெருக்கம், 0.65 என்பது ஒளிக்கூம்பின் அகலத்தைக் குறிக்கும் எண்), கண்டென்சர் சரியாக இருந்தால், பச்சை ஒளியில் ஏறத்தாழ 0.5 மைக்ரோமீட்டர் இடைவெளியைப் பிரித்துக் காட்டும். கண்டென்சரை இறக்கினால் கூம்பு குறுகி அத்திறன் குறையும். ஆனால் செல்லின் விளிம்புகள் கருத்துத் தடித்துத் தெரிவதால், அதையே தெளிவு என்று கண் நம்பிவிடுகிறது. செய்தி இவ்வளவு வேகமாகப் பரவியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆய்வகத்திலேயே சரிபார்க்கலாம். வெங்காயத் தோலை வைத்துக் குவியப்படுத்தி, கண்டென்சரை மேடையருகே உயர்த்துங்கள். பிறகு கண்ணருகு லென்சைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தபடி, தெரியும் வட்டத்தின் விட்டத்தில் முக்கால் பங்குக்கு ஒளி நிறையும்வரை கண்டென்சர் துளையைத் திறந்து, லென்சை மீண்டும் பொருத்துங்கள். கண் கூசினால் விளக்கை மட்டும் குறையுங்கள். 1893இல் ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் கோலர் வெளியிட்ட ஒளியூட்டு முறையை விளக்கும் நுண்ணோக்கிப் பாடநூல்களிலும் இதைக் காணலாம்.

அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிய குழுக்களில் இவ்விளக்கத்தைப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறோம்.