"மேனேஜருக்கு என்னைப் பிடிக்காது"

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடியும் நேரம், சுற்றியுள்ள மாமாக் கடைகளில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில்) தே தாரேக் டீ கிளாசோடு நம்மவர்கள் உட்காரும் மேசைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் வாயிலும் இதுவேதான். கொஞ்ச நேரத்தில் அது வளர்ந்து, "நம்ம ஆளுங்களுக்கு எங்க போனாலும் இப்படித்தான் லா" என்று முடியும். எல்லாரும் தலையாட்டுவார்கள். காசு கொடுத்துவிட்டு எழுந்து போவார்கள். மறுநாள் அதே மேனேஜர், அதே ஷிப்ட்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புலம்பல்களில் உண்மை இருக்கிறது. ஓடி (ஓவர்டைம்) கணக்கில் வெட்டு விழுகிறது, பதவி உயர்வில் ஆள் பார்க்கிறார்கள், புரியாத மொழியில் மீட்டிங் நடக்கிறது. இதையெல்லாம் அனுபவிக்கிற ஒருவரிடம் போய் "மனநிலையை மாத்திக்கோ" என்று வகுப்பெடுக்கும் ஊக்கப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. தப்பு செய்தவனை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவனைத் திருத்துகிற வேலை அது. ஆனால் "எனக்கு அநியாயம் நடந்தது" என்பது வேறு, "என்னால் ஒன்றும் ஆகாது" என்பது வேறு. இரண்டும் ஒட்டியே வருவதால் ஒன்று போலத் தெரிகின்றன. முதலாவதை நிரூபிக்கலாம். இரண்டாவது மனதில் உட்கார்ந்துவிட்டால் முதலாவதை நிரூபிக்கவே விடாது.

இதற்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரு உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் செய்தது. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்களை, பிறகு ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பித்துவிடலாம் என்ற பெட்டியில் விட்டார்கள். பல நாய்கள் தாண்டவில்லை, அப்படியே படுத்துவிட்டன. இது பலருக்குத் தெரிந்த பாதி. தெரியாத பாதி 1968-இல் வந்தது. அந்த நாய்களைக் கயிறு கட்டித் தடுப்பின் அந்தப் பக்கம் இழுத்துக் காட்டினார்கள். ஒரு தடவை இழுத்தது போதவில்லை. திரும்பத் திரும்ப இழுத்த பிறகுதான் தாங்களாகவே தாண்டத் தொடங்கின. 2016-இல் அதே இருவரும் தங்கள் கொள்கையைத் திருத்தி எழுதினார்கள்: நீண்ட துன்பத்தில் சோர்ந்து படுப்பது கற்றுக்கொண்ட ஒன்றல்ல, அது உயிரின் இயல்பான எதிர்வினை, "நான் செய்தால் ஏதாவது மாறும்" என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது.

அதனால்தான் ஊக்கப் பேச்சு மூன்று நாளைக்கு மேல் தாங்குவதில்லை. தைரியம் வந்த பிறகு கேட்கலாம் என்று காத்திருப்பவருக்குத் தைரியம் வருவதே இல்லை. சின்னதாக ஒன்றைக் கேட்டு, அதற்கு ஒரு பதில் வந்து, அந்தப் பதிலால் ஏதோ ஒன்று அசைந்த பிறகுதான் அது வருகிறது.

முதல் தாண்டலுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இன்றிரவே கைப்பேசியில் ஊழியர் சேமநிதிக் கணக்கைத் திறந்து பாருங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கான சந்தாவை முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்திருக்கும் தொகையும் கணக்கில் ஏறியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்று கடைசி ஆறு மாதத்துக்குப் பாருங்கள். சரியாக இருந்தால் ஒரு சந்தேகம் தீர்ந்தது. இல்லையென்றால், தேதியும் தொகையும் உள்ள முதல் குறை உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்து, ஓடி. மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாத சம்பளத்துக்கு 1955 வேலைச் சட்டத்தின் கணக்கு அப்படியே பொருந்தும். அதற்கு மேல் வாங்குபவர்கள் தங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும், உடலுழைப்பு போன்ற சில வேலைகள் மட்டும் விதிவிலக்கு, அவற்றுக்குச் சம்பளம் எவ்வளவானாலும் சட்டக் கணக்குதான். மாதச் சம்பளம் 2,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 100. எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 12.50. சாதாரண நாளில் ஓடி ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 18.75. ஓய்வு நாளில் வழக்கமான நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. அடிக்கடி நடக்கும் தவறு 26-க்குப் பதில் 30-ஆல் வகுப்பது. அப்படிச் செய்தால் அந்த 18.75 வெள்ளி 16.25 ஆகிவிடும். மாதம் 40 மணி நேரம் ஓடி செய்பவருக்கு 100 வெள்ளி நட்டம். "ஓடியில ஏமாத்துறாங்க" என்று சொல்பவருக்கு எச்ஆர் தோளைக் குலுக்கும். "மே மாதம் 40 மணி நேரம், 26-ஆல் வகுத்தால் 750 வர வேண்டும், 650 வந்திருக்கிறது, சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் போனால், சம்பளம் போடும் கிளர்க் கால்குலேட்டரை எடுத்தே ஆக வேண்டும்.

இனி தலைப்பில் உள்ள வாக்கியத்துக்கு வருகிறேன். "மேனேஜருக்கு என்னைப் பிடிக்காது" என்பதற்கு உலகத்தில் யாரும் பதில் சொல்ல முடியாது. அதில் தேதியும் இல்லை, செயலும் இல்லை. கடைசியாக என்ன நடந்தது என்று ஒரு படி இறக்கிக் கேளுங்கள். "மார்ச் அட்டவணையில நாலு ஞாயிறும் எனக்கே போட்டாரு" என்று வரும். இப்போது கேட்க ஒன்று கிடைத்துவிட்டது. ஆங்கிலத்திலோ மலாயிலோ நீங்கள் அனுப்பும் செய்தி இவ்வளவு இருந்தால் போதும்: "பாஸ், மார்ச்சில் நாலு ஞாயிறும் எனக்கு வந்திருக்கிறது. ஏப்ரலில் இரண்டை மாற்றித் தர முடியுமா? 20-ஆம் தேதிக்குள் தெரிந்தால் வீட்டில் ஏற்பாடு செய்துகொள்வேன்." நடந்தது, கேட்பது, பதில் வேண்டிய நாள்.

அதில் எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் முக்கியம். "எப்பவும்" என்று எழுதினால் அவர் ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டி உங்கள் பேச்சையே பொய்யாக்கிவிடுவார். "வேணும்னே" என்று எழுதினால் விஷயம் அட்டவணையை விட்டு அவருடைய நோக்கத்துக்குப் போய்விடும், அதை யாராலும் நிரூபிக்க முடியாது. "அவனுக்கு மட்டும் ஏன்" என்று எழுதினால் அந்தச் சக ஊழியர் உங்களுக்குப் பகையாவார், நாளைக்கு சாட்சி சொல்ல அவரே தேவைப்படலாம்.

மீட்டிங் சீன மொழியில் நடக்கிறது என்பது பினாங்கில் நிறையப் பேருக்கு உள்ளே புண்ணாகவே இருக்கிறது. பேசாமல் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு ஒருநாள் வெடிப்பதுதான் வழக்கமாக நடப்பது, அன்றைக்குக் கெட்டபெயர் வெடித்தவருக்கே. மீட்டிங் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே, "எனக்கும் வேலை இருக்கிற பகுதியை மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள்" என்று சொல்லலாம். நடுவில் சொன்னால் குறுக்கீடாகத் தெரியும். முடிந்ததும், "நான் புரிந்துகொண்டது இது, என் வேலை இது, கெடு இது" என்று மூன்று வரி எழுதி அனுப்பிவிடுங்கள். தப்பாக இருந்தால் அவர்கள் திருத்தட்டும். திருத்தாவிட்டால், பிறகு யாரும் உங்கள் மேல் பழி போட முடியாது.

குறிப்பு எழுதி வையுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எப்படி என்று சொல்வதில்லை. நடந்த அன்றே எழுத வேண்டும். தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை சொன்னபடியே, அடுத்து நீங்கள் என்ன செய்தீர்கள். ஐந்தாறு வரி. கம்பெனி லேப்டாப்பில் மட்டும் வைத்தால் வேலை போகும் நாளில் அதுவும் போய்விடும், சொந்த நோட்டில் எழுதுங்கள். அதற்காகக் கம்பெனியின் ரகசிய ஆவணங்களைப் படம் எடுத்து வைக்காதீர்கள். அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகி, உங்கள் வழக்கைக் கெடுக்கும். இன்னொன்று: ஒரு மாதமாக நோட்டு நிறைகிறது, ஆனால் யாரிடமும் ஒரு கோரிக்கைகூடப் போகவில்லை என்றால், எழுதுவது காயத்தைக் கிளறும் வேலையாக மாறிவிட்டது என்று அர்த்தம்.

இனப் பாகுபாடு என்று உறுதியாகத் தோன்றினாலும் வழி இதுதான். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 69எஃப் பிரிவு இருக்கிறது. வேலையிடத்தில் பாகுபாடு பற்றிய தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. ஆகவே அங்கே பேசப்போவது உங்கள் நோட்டும், எழுதிக் கேட்டதும், வந்த பதிலும்தான். "எல்லாருக்கும் தெரியும்" என்பது அங்கே சாட்சியாகாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது "24 மணி நேர நோட்டீஸ்". கோபத்தில் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலொழிய அந்த உரிமை பொதுவாகக் கிடையாது. ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால், இரண்டு வருடத்துக்குள் நான்கு வாரம், ஐந்து வருடத்துக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம் நோட்டீஸ். கொடுக்காவிட்டால் அந்த நாட்களுக்கான சம்பளத்தை நீங்கள் கட்ட வேண்டும். தானாக விலகியவருக்கு சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதி உதவித்தொகை பொதுவாகக் கிடைக்காது. அநியாயமாக நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுத்து வேலையைத் திரும்பக் கேட்கலாம். தானே எழுதிக் கொடுத்தவர், முதலாளிதான் என்னை விலக வைத்தார் என்று நிரூபிக்கப் பெரும் பாடுபட வேண்டும். அநியாயம் செய்தவருக்கு இதைவிட வசதியான முடிவு கிடையாது. கடிதம் எழுதலாம், எழுதிவிட்டு இரண்டு இரவு தூங்குங்கள்.

பதவி உயர்வு பற்றிச் சுருக்கமாக. அப்ரைசல் கடிதம் வந்த பிறகு சண்டை போட்டுப் பயன் குறைவு. பல கம்பெனிகளில் அடுத்த வருடச் சம்பள பட்ஜெட் அக்டோபர், நவம்பரிலேயே முடிந்துவிடுகிறது. ஜூன், ஜூலையில் போய், "அடுத்த படிக்கு என்னிடம் இல்லாதது எது, இரண்டு சொல்லுங்கள்" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பதிலில் பயிற்சி என்று வந்தால், 10 மலேசிய ஊழியர்களும் அதற்கு மேலும் உள்ள முதலாளிகள் எச்ஆர்டி கார்ப் என்ற மனிதவள மேம்பாட்டு நிறுவனத்தின் நிதிக்குச் சம்பளத்தில் 1 சதவீதம் லெவி கட்டுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அது உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் பணமல்ல, உங்களைப் பயிற்சிக்கு அனுப்பக் கட்டும் பணம். கேளுங்கள். அந்தப் பதிலில் உங்கள் குறை ஒன்று நேர்மையாகச் சுட்டப்பட்டிருந்தால், அது வலித்தாலும் அதைச் சரிசெய்வது உங்கள் வேலைதான்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சரிதான், ஆனால் நாம் அழுவது பால் இல்லாத இடத்தில். மாமாக் கடை நண்பர்கள் தேவை, மனம் ஆற அவர்கள் வேண்டும். அவர்களில் ஒருவராவது தலையாட்டுவதை நிறுத்திவிட்டு, "சரி, என்னிக்கு நடந்துச்சு? எழுதிக் கேட்டியா? என்ன பதில் வந்துச்சு?" என்று கேட்கிறவராக இருக்கட்டும்.

லைன் லீடராகவும் சூப்பர்வைசராகவும் இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் ஒரு பையனோ பெண்ணோ முதல் தடவையாக வாய் திறந்து ஏதாவது கேட்டால், "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். முடியும் என்றால் எப்போது, முடியாது என்றால் ஏன், எனக்கு அதிகாரம் இல்லை என்றால் யாரிடம் போக வேண்டும், இதில் ஒன்றை அந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.