ஜோ பட்டேர்னோ: 409 இருக்கட்டும், 2001 பிப்ரவரியைப் பேசுவோம்

பென் ஸ்டேட் பல்கலைக்கழக ரசிகர்களிடம் ஜோ பட்டேர்னோ பேச்சை எடுத்தால் முதலில் வந்து விழுவது 409 என்ற எண்தான். 46 சீசன், 409 வெற்றி, 1982லும் 1986லும் தேசியப் பட்டம். நான் சொல்வது அமெரிக்கன் ஃபுட்பால். நம்மூர் கால்பந்து இல்லை. சனிக்கிழமை மேட்ச் என்றால் பீவர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர் வெறும் கோச் மட்டும் இல்லை. ஜெர்ஸியில் ஆட்டக்காரர் பெயர் கூடாது, வகுப்புக்குப் போகாதவனுக்கு அணியில் இடமில்லை என்று நடத்தியவர். மனைவியோடு சேர்ந்து பல்கலைக்கழகத்துக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தவர். அங்குள்ள நூலகத்தில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. இதெல்லாம் உண்மை.

என் சண்டை வேறு இடத்தில். அவருடைய முன்னாள் உதவிக் கோச் ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த விவகாரம் அது. பட்டேர்னோவைப் பற்றி அவருடைய ஆதரவாளர்கள் "சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தார், மேலிடத்தில் சொன்னார், அவர்கள் கோட்டை விட்டார்கள்" என்று சொல்கிறார்களே, அதை வரிசையாகப் பிரித்துப் பார்ப்போம்.

2001 பிப்ரவரி 9, வெள்ளி இரவு. அணியின் லாஷ் கட்டடக் குளியலறையில் ஜெர்ரி சாண்டஸ்கி ஒரு சிறுவனோடு இருந்ததை மைக் மெக்வேரி என்ற இளம் உதவியாளர் பார்க்கிறார். சாண்டஸ்கி சாதாரண ஆள் இல்லை. பட்டேர்னோவின் தற்காப்பு ஆட்டத்தை வடிவமைத்தவர், 1977ல் 'செகண்ட் மைல்' என்ற சிறுவர் தொண்டு நிறுவனம் தொடங்கியவர். 1999ல் ஓய்வு பெற்றபோது எமரிட்டஸ் (ஓய்வுக்குப் பிறகும் தொடரும் கௌரவ) அந்தஸ்து, 1,68,000 டாலர், கட்டடத்துக்குள் வந்துபோகும் உரிமை எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை மெக்வேரி பட்டேர்னோ வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார். நீ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாய், இனி என்ன செய்வதென்று பார்ப்பது என் வேலை என்கிறார் பட்டேர்னோ. பிறகு விளையாட்டு இயக்குநர் டிம் கர்லி காதில் போடுகிறார். உடனே ஏன் சொல்லவில்லை? மேலதிகாரிகளின் வார இறுதியைக் கெடுக்க விரும்பவில்லையாம். கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் அவரே கொடுத்த சாட்சியம் இது.

நேரில் பார்த்த மெக்வேரியை, கர்லியும் துணைத்தலைவர் கேரி ஷுல்ட்ஸும் கூப்பிட்டுக் கேட்க ஏறக்குறைய பத்து நாள் ஆனது. மாதக் கடைசியில் ஒரு திட்டம் தயார்: சாண்டஸ்கியிடம் பேசுவது, தொண்டு நிறுவனத்துக்குச் சொல்வது, மாநில நலத்துறைக்குப் புகார் கொடுப்பது. பிப்ரவரி 27ஆம் தேதி கர்லி ஒரு மெயில் போடுகிறார். யோசித்துப் பார்த்தேன், நேற்று ஜோவிடமும் பேசினேன், முன்பு முடிவு செய்த நடவடிக்கை எனக்குச் சரியாகப் படவில்லை என்பது அதன் சாரம். மூன்றாவது அம்சம் அங்கேயே பின்னுக்குப் போனது. சாண்டஸ்கி ஒத்துழைக்காவிட்டால் மட்டும் நலத்துறை என்று ஆயிற்று. பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியரும் சரி என்றார். கடைசியில் மிஞ்சியது ஒரே தடை: இனிமேல் சிறுவர்களை வளாகத்துக்குக் கூட்டி வரக்கூடாது. அதை யார் கண்காணிப்பது, எப்படிக் கண்காணிப்பது என்று எந்த ஏற்பாடும் இல்லை. ஆறு மாதம் கழித்து, ஆகஸ்டில், அதே லாஷ் கட்டடக் குளியலறையில் இன்னொரு சிறுவன்.

அந்த மெயிலில் ஜோ என்ன சொன்னார் என்பது இல்லை. பட்டேர்னோ குடும்பம் இதைத்தான் பிடித்துக்கொள்கிறது, நியாயமான பிடிதான். பல்கலைக்கழகம் அமர்த்திய லூயிஸ் ஃப்ரீயின் 267 பக்க விசாரணை அறிக்கைக்காக 430 பேருக்கு மேல் பேட்டி எடுத்தார்கள். ஆனால் பட்டேர்னோ, கர்லி, ஷுல்ட்ஸ், மெக்வேரி நால்வரும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே "மறைக்கச் சொன்னதே அவர்தான்" என்று அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர் மேல் வழக்கும் போடப்படவில்லை.

ஆனால் "மேலிடம்" என்கிறீர்களே, யார் அந்த மேலிடம்? காகிதத்தில் கர்லிதான் பட்டேர்னோவுக்கு மேலதிகாரி. 2004ல் ஸ்பேனியரும் கர்லியும் அவர் வீட்டுக்கே போய், ஓய்வு பெறலாமே என்று கேட்டார்கள். மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் ஏழு வருடம் அவர்தான் கோச். இதே மனிதர் 2001ல் மட்டும் மேலதிகாரிக்குக் கட்டுப்பட்ட சாதாரண ஊழியரா?

கீழ்மட்டத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 2000ல் அதே கட்டடத்தில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் சாண்டஸ்கியையும் ஒரு சிறுவனையும் பார்த்து ஆடிப்போய்ச் சக ஊழியர்களிடம் சொன்னார். யாரும் புகார் கொடுக்கவில்லை. அது அமெரிக்க ஜனாதிபதியையே எதிர்ப்பது மாதிரி இருந்திருக்கும் என்று அவர்களில் ஒருவர் விசாரணையில் சொன்னார். வேலை போய்விடும் என்ற பயம். பூனைக்கு யார் மணி கட்டுவது? அந்த வளாகத்தில் வேலை பயமே இல்லாமல் கட்டக்கூடியவர் பட்டேர்னோ ஒருவர்தான். போலீஸுக்கு அவர் ஒரு போன் போட்டிருந்தால் எந்த அதிகாரியும் குறுக்கே நின்றிருக்க மாட்டார்.

ஷுல்ட்ஸ்தான் வளாகப் போலீஸைக் கவனித்தார், அவருக்குத் தகவல் போனாலே போலீஸுக்குப் போன மாதிரி என்கிறார்கள். போலீஸ் துறையின் நிர்வாகப் பொறுப்பு ஒருவரிடம் இருப்பதால் அவர் போலீஸ்காரர் ஆகிவிட மாட்டார். எஃப்.ஐ.ஆர். மாதிரி ஒரு துண்டுப் பதிவுகூட அன்று எழுதப்படவில்லை.

2011 நவம்பரில் சாண்டஸ்கி கைது, நான்கே நாளில் பட்டேர்னோ போன் மூலம் பதவிநீக்கம், 2012 ஜனவரியில் நுரையீரல் புற்றுநோயால் மரணம். சிறுவர்களிடம் பாலியல் குற்றம் புரிந்ததாக 45 குற்றச்சாட்டுகளில் தண்டனை உறுதியாகி சாண்டஸ்கிக்கு 30 முதல் 60 ஆண்டு சிறை. கர்லி, ஷுல்ட்ஸ் 2017ல் சிறுவர் நலனை ஆபத்துக்கு உள்ளாக்கிய குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஸ்பேனியர் மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2021ல் உள்ளே போனார்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பல்கலைக்கழகத்துக்குப் போட்ட தண்டனையில் 6 கோடி டாலர் அபராதம் சரி. பட்டேர்னோவின் 111 வெற்றிகளைப் பதிவிலிருந்து அழித்தது வெறும் நாடகம். நடந்த மேட்ச் நடந்ததுதான். அதில் ஓடிய பையன்கள் என்ன தவறு செய்தார்கள்? 2015 ஜனவரியில் திருப்பிக் கொடுத்தபோது "409" ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டாடினார்கள். கிடைத்தது பழைய ஸ்கோர் மட்டும். அதை நிரபராதிச் சான்றிதழாக மாட்டிக்கொண்டார்கள்.

2012 ஜூலையில் அகற்றிய சிலையைத் திரும்ப வைக்கச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் கூடாது. சாதனைப் பட்டியலிலும் நூலகத்திலும் பெயர் இருக்கட்டும், இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. ஆனால் சிலைக்குப் பின்னால் சுவரில் பொறித்திருந்தது கல்வியாளர், பயிற்சியாளர், மனிதாபிமானி என்று. அந்த மூன்றாவது சொல்லுக்குக் கணக்கு கேட்கும் உரிமை அந்தச் சிறுவர்களுக்கு இருக்கிறது.

உருப்படியாக நடந்தது, பென் ஸ்டேட் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் சட்டத் திருத்தம். அன்றைய சட்டப்படி ஊழியர் நிறுவனத் தலைமைக்குச் சொன்னால் போதும், ஓட்டை அங்கேதான் இருந்தது. 2014 கடைசியில் அது மாறியது. கட்டாயம் புகார் செய்ய வேண்டியவர் சந்தேகம் வந்த உடனே 'சைல்ட்லைன்' என்ற மாநில மையத்துக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் 48 மணி நேரத்துக்குள் எழுத்திலும் கொடுக்க வேண்டும். நிறுவனத் தலைமைக்குத் தெரிவிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.