பாபநாசம் படத்தில் இருப்பவர்கள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் சித்தப்பா ஒரு படம் போட்டார். பாபநாசம் அருவி, டேனியல்கள் வரைந்தது. கூடவே ஒரு வரி: "வெள்ளைக்காரன் மட்டும் வரைஞ்சு வைக்கலேன்னா நம்ம ஊரு அப்ப எப்படி இருந்துச்சுன்னே தெரிஞ்சிருக்காது." அதற்கு வரிசையாகக் கும்பிடு எமோஜி.

முழுக்கத் தப்பென்று சொல்ல மாட்டேன். அம்பாசமுத்திரத்துக்காரனான எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே முகத்தில் சாரல் அடிக்கும். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1786இல் கல்கத்தாவில் வந்து இறங்கியவர்கள். 1792இல் சென்னையிலிருந்து கிளம்பி ஓசூர், ராயக்கோட்டை, திண்டுக்கல், மதுரை, பாபநாசம் என்று சுற்றினார்கள். கையோடு கேமரா அப்ஸ்கூரா (எதிரே இருக்கும் காட்சியைத் தாளில் விழவைத்துக் கோடிழுக்க உதவும் பெட்டி) இருந்ததால் தூணும் கோபுரமும் அளவு பிசகாமல் வந்திருக்கும். கை சுத்தமான வேலைக்காரர்கள், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1792 மார்ச்சில்தான் திப்பு ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாதி ராஜ்ஜியத்தை இழந்தார். பாராமஹாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, சேலம் பக்கம்) திண்டுக்கல்லும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயின. அடுத்த சில வாரங்களிலேயே இவர்களுடைய பல்லக்கு அந்தப் பக்கம் புறப்பட்டுவிட்டது. போர்ச் செய்தியில் பெயர் மட்டும் கேட்டிருந்த மலைக்கோட்டைகளை லண்டன்காரர்களுக்குக் கண்ணில் காட்ட வேண்டும், அது நல்ல வியாபாரம். 144 படங்கள், 1795 முதல் 1808 வரை தொகுதி தொகுதியாக அச்சில் வந்தன. வாங்கியவர்கள் பார்த்தது தங்கள் புதுச் சொத்தை என்றுதான் எனக்குத் தோன்றும். (புது வீடு வாங்கியவர் ஆல்பம் காட்டுவாரே, அந்த மாதிரி.)

சரி, ஆட்கள் எங்கே? டேனியல் படங்களில் மனிதர்கள் பெரும்பாலும் பாறை எவ்வளவு பெரியது என்று காட்டத்தான் நிற்கிறார்கள்.

நம் ஆட்களை வரைந்தது வேறு கைகள். தஞ்சாவூர் ஓவியர்கள் காகிதத்திலும், திருச்சிக்காரர்கள் காக்காப்பொன் (மைக்கா) தகட்டிலும், வெள்ளைக்காரர்களுக்கென்றே ஜாதிவாரியாக, தொழில்வாரியாக வரைந்து விற்றார்கள். குயவர் சக்கரத்தோடு, நெசவாளர் தறியோடு, பக்கத்தில் மனைவி. முகம், நகை, புடவைக் கரை எல்லாம் துல்லியம். பின்னால் பார்த்தால் ஊரே இருக்காது, பல படங்களில் வெறும் வெள்ளை. வரைந்தவர் பெயரும் பெரும்பாலும் கிடையாது.

ஆக, ஒரு தொகுப்பில் ஆளில்லாத நிலம், இன்னொரு தொகுப்பில் நிலமில்லாத ஆள். வாங்கியவர்கள் இரண்டையும் தனித்தனியாகக் கட்டி ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குயவர் எந்தக் குளத்து மண்ணை எடுத்தார் என்பது இரண்டிலும் இல்லை. சித்தப்பா சொல்கிற "நம்ம ஊரு" எனக்கு அந்த மண்தான்.

இதை அப்படியே குழுவில் எழுதினேன். "ஏன்டா, அருவி நல்லாத்தானே இருக்கு" என்றார் சித்தப்பா.

நல்லாத்தான் இருக்கிறது. அப்புறம் ராத்திரி படுத்துக்கொண்டே அந்தச் சின்ன உருவங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த அச்சு முறையில் செப்புத் தகட்டில் குங்கிலியத் தூளைப் படியவைத்து அமிலத்தில் அரிப்பார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க அந்தத் தூளின் புள்ளிகள்தான் வந்தன. முகம் வரவில்லை.