புதுப் பெட்டிக்குள் பழைய சந்து

துபாயிலிருந்து காக்கா, அதாவது அண்ணன், வரும்போது பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) என்ற வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். கீழக்கரை உப்புக்காற்றில் எது வைத்தாலும் துருப்பிடிக்கும் என்று உம்மா அதற்கு உறை தைத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவு மரியாதை. உள்ளே ஓடுவது? முக்கால்வாசி, அதற்கு முந்தைய பெட்டியான பிஎஸ்4-க்கும் சேர்த்துச் செய்த கேம்கள்.

பிஎஸ்4 2013-இல் வந்த பெட்டி. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க், அன்றைக்கே மெதுவான சிபியு (கணக்குப் போடும் மூளை). பிஎஸ்5-இல் சுற்றும் டிஸ்குக்குப் பதில் இருக்கும் எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும், சரி, ஆனால் பழைய டிஸ்கையும் மனதில் வைத்துத்தானே இந்த கேம்களின் வரைபடம் போடுகிறார்கள், அதனால் நாயகன் இன்னமும் பாறை இடுக்கில் ஒருக்களித்து நெளிந்து போகிறான், லிஃப்டில் நின்று ஊர்க்கதை பேசுகிறான், எல்லாம் அடுத்த இடம் லோடாகும் வரை நம்மைப் பராக்கு காட்டும் வேலை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்த மாதிரி.

பழைய பெட்டியை விட்டுவிட வேண்டியதுதானே என்று மண்டபம் ஊர்ச் சேக்காளியிடம் சொன்னால் சண்டைக்கு வருகிறான். அவனிடம் பிஎஸ்4தான். 2022-இல் காட் ஆஃப் வார் ரக்னராக் கேம் இரண்டுக்கும் வந்ததால்தான் அவனால் ஆட முடிந்தது, ஃபேன் சத்தம் என்னவோ விசைப்படகு இன்ஜின்தான். 11 கோடிக்கு மேல் விற்ற பெட்டியை எந்த வியாபாரி விடுவான்? அதுவும் நியாயம்தான். ஆனால் சைபர்பங்க் 2077 என்ற கேம் பழைய பெட்டிகளில் தள்ளாடி, 2020 டிசம்பரில் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே தூக்கினார்களே, அப்போது அவனுக்கும் லாபமில்லை, எனக்கும் இல்லை. 2023-இல் வந்த அதன் கூடுதல் பகுதி (ஃபாண்டம் லிபர்ட்டி) பழசுக்கே கிடையாது. அதை முதலிலேயே செய்திருக்கலாமே!

சரி, கரண்ட் போய்விட்டது.