இன்னும் எதைப் பிடுங்கப் போகிறார்கள்?

நேற்று ராத்திரி பெரியப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பிவிட்டு உடனே போனும் போட்டார். "டேய், பார்த்தியா? எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 மேப் ஸ்கைரிமை விடப் பத்து மடங்காம்!" "யார்ணா சொன்னது?" என்றேன். "வீடியோல சொல்றான்டா" என்றார். எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்பது பெத்தெஸ்டா கம்பெனியின் வீடியோ கேம் தொடர்; ஸ்கைரிம் அதில் ஐந்தாம் பாகம், ஆறாம் பாகத்துக்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறோம். சரி என்று உட்கார்ந்து பதினெட்டு நிமிஷமும் பார்த்தேன். உள்ளே இருந்தது 2018 ஜூனில் காட்டிய அதே முப்பத்தாறு விநாடி டீசர். மலை, கடற்கரை, மேகம், கடைசியில் பேர். மீதி நேரமெல்லாம் ஒருத்தர் தன் ஆசைகளைச் செய்தி மாதிரி வாசிக்கிறார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த ஆள் மேல் கூட இல்லை. முப்பத்தாறு விநாடியைக் காட்டிவிட்டு ஏழு வருஷத்துக்கு மேல் ஜனங்களை இப்படி வதந்தி தின்ன விட்டவர்கள் மேல்தான்.

ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பர் 11. மஞ்சக்குப்பத்தில் அண்ணன் வீட்டு கம்ப்யூட்டரில்தான் முதலில் பார்த்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது. ஆரம்பித்து ஒன்றரை மாசம்கூட ஆகவில்லை, டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் வந்து கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போயின. எங்கள் தெருவில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. திரும்பி வந்த பிறகும் 2012 முழுக்க மின்வெட்டு. ரெண்டு மணி நேரம் இருக்கும், ரெண்டு மணி நேரம் போகும். யுபிஎஸ் கீச்சென்று கத்தும்போதே ஓடிப்போய் சேவ் பண்ணி, அப்படித் துண்டு துண்டாக ஒரு வருஷம் ஆடி முடித்தோம். ஸ்கைரிமின் பனிமலையில் நடந்த அந்த நாட்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. அதனால்தான் கோபம் வருகிறது. பிடிக்காத ஒன்றின் மேல் யார் இவ்வளவு கோபப்படுவார்கள்?

அதற்கப்புறம் என்ன செய்தார்கள்? அதே ஸ்கைரிமுக்கு 2016இல் ஸ்பெஷல் எடிஷன். 2017இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு ஒன்று, தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் விஆருக்கு ஒன்று. 2021இல் ஆனிவர்சரி எடிஷன். பழைய கள், புதிய மொந்தை. அதையும் வாங்கினோம். அது போகட்டும்.

என் பயம் காத்திருப்பதைப் பற்றியது இல்லை. ஒவ்வொரு பாகத்திலும் எதையாவது வெட்டிக்கொண்டே வருகிறார்கள், அதற்கு "எளிமை" என்று பேர் வைக்கிறார்கள். 2002இல் வந்த மூன்றாம் பாகம் மாரோவிண்டில் 27 ஸ்கில், அதாவது நாம் வளர்க்கிற திறமைகள். 2006இல் நாலாம் பாகம் ஆப்ளிவியனில் 21. ஸ்கைரிமில் 18. மாரோவிண்டில் பறக்கும் மந்திரம் இருந்தது, அடுத்ததில் காணோம். ஈட்டி இருந்தது, போச்சு. வலிமை, அறிவு, வேகம், அதிர்ஷ்டம் என்று எட்டு குணங்கள் ஒரு ஆளைச் செதுக்கின. ஸ்கைரிமில் அதையும் மொத்தமாகத் தூக்கிவிட்டு உயிர், மாயசக்தி, தெம்பு மூன்றில் ஒன்றை அமுக்கு என்றார்கள். இப்படியே போனால் ஆறாம் பாகத்தில் என்னதான் மிஞ்சும்?

எல்லாவற்றையும் விட என்னைக் கொதிக்க வைப்பது, போக வேண்டிய இடத்தைத் திரையிலேயே காட்டிக் கொடுக்கும் அந்த அம்புக்குறி. நான் இந்தத் தொடரைத் தலைகீழாக ஆடியவன்; ஸ்கைரிம் முடிந்த பிறகுதான் அண்ணன் பழைய மாரோவிண்டைப் போட்டுக் கொடுத்தார். அதில் அப்படி அம்புக்குறி எதுவும் வராது. போக வேண்டிய இடத்தை ஆட்கள் வாயால் சொல்வார்கள். ட்வெமர் என்ற மறைந்துபோன இனம் விட்டுப்போன ஆர்க்ங்தாண்ட் என்ற பாழடைந்த இடத்தைத் தேடி அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அலைந்தேன். இந்தப் பாலத்தைத் தாண்டு, அந்தக் கோட்டைப் பக்கம் ஏறு என்று சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால் கதவு திறக்காது. பக்கத்தில் ஒரு குழாயில் இருக்கிற கைப்பிடியைத் திருப்பினால்தான் பாறை விலகும். அந்தக் கதவு திறந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

கடலூர் முதுநகரில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "நேராப் போங்க தம்பி, ஒரு டீக்கடை வரும், அங்கேருந்து உப்பனாத்துப் பக்கமாத் திரும்புங்க, வலை காயப் போட்டிருப்பாங்க, அதுக்கு எதிர்ல" என்பார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்த தெருவை யாரும் மறப்பதில்லை. ஒரு ஊர் மனசில் தங்குவது அப்படித்தான். ஸ்கைரிமில் எத்தனையோ குகைகளுக்குப் போயிருக்கிறேன், பாதிக்கு மேல் வழி தெரியாது. நான் பார்த்தது நிலத்தை இல்லை, திரைக்கு மேலே ஓடும் ஒரு சின்ன முக்கோணத்தை.

இது ஏன் நடந்தது என்றும் யோசித்திருக்கிறேன். மாரோவிண்டில் பேச்சு பெரும்பாலும் எழுத்தாகவே இருந்தது. ஒரு ஆள் அரைப்பக்கம் வழி சொன்னாலும் செலவு கிடையாது. ஆப்ளிவியனிலிருந்து எல்லா வசனத்துக்கும் குரல். ஒவ்வொரு வரிக்கும் நடிகர், ஸ்டூடியோ, டிஸ்கில் இடம். அப்போது வசனம் சுருங்கத்தானே செய்யும்? வழி சொல்ல வாயில்லாத ஊரில் அம்புக்குறிதான் பேச வேண்டியிருக்கிறது. இன்றைக்கு டிஸ்க் கவலையே கிடையாது. 2011இல் ஸ்கைரிம் கேட்டது 6 ஜிபி. 2025 ஏப்ரலில் புதுப்பித்து வந்த ஆப்ளிவியன் ரீமாஸ்டர் கேட்பது சுமார் 120 ஜிபி. அத்தனை ஜிபியில் நாலு வரி வழி சொல்ல இடமில்லையா? மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலர் கொடுத்து பெத்தெஸ்டாவின் தாய் நிறுவனத்தையே வாங்கியிருக்கிறது. பணமில்லை என்றும் சொல்ல முடியாது.

"புதுசா வர்றவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்டா" என்று அண்ணனே சொல்கிறார். எனக்குச் சுத்தமாக ஒப்பவில்லை. தமிழ் மீடியத்தில் படித்து, பாதி வார்த்தைக்கு அகராதி பார்த்த பையனுக்கே அது முடிந்தது. கஷ்டம் யாரையும் துரத்தவில்லை. நம்மை முட்டாள் என்று நினைத்துச் செய்கிற வேலைதான் துரத்துகிறது. ஸ்கைரிமில் வின்டர்ஹோல்ட் மாயக் கல்லூரிக்கே தலைவர் ஆகலாம், மந்திரம் பெரிதாகத் தெரிய வேண்டியதில்லை! ஆப்ளிவியனில் மாயப் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்கவே ஏழு ஊர் மந்திரவாதிச் சங்கங்களில் வேலை செய்து ஏழு பரிந்துரை வாங்க வேண்டும். அதற்கப்புறம் உள்ளே போனால், சொந்தமாக மந்திரம் செய்கிற மேடை காத்திருக்கும். எதோடு எதைச் சேர்ப்பது, எவ்வளவு தூரம் பரவ வேண்டும், எத்தனை விநாடி நிற்க வேண்டும், எல்லாம் நம் கையில். பேரும் நாமே வைக்கலாம். மின்னலைப் பெரிய வட்டத்தில் பரவவிட்டு நான் செய்த மந்திரத்துக்கு, ஆங்கில எழுத்தில், 'தானே' என்று பேர் வைத்தேன். எங்கள் ஊரை அடித்த புயல் அந்த உலகத்தில் என் கையில் இருந்தது. ஸ்கைரிமில் அந்த மேடையே கிடையாது.

அதனால் பத்து மடங்கு மேப் என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். 2023இல் இதே கம்பெனி விட்ட விண்வெளி கேம் ஸ்டார்ஃபீல்டில் ஆயிரம் கிரகத்துக்கு மேல் கொடுத்தார்கள். இறங்கிப் பார்த்தால் ஏற்கனவே பார்த்த அதே கட்டடம், அதே அறை, அதே இடத்தில் அதே பெட்டி. எனக்கு அகலம் வேண்டாம். ஒரே ஒரு மாகாணம் போதும். அதில் இருக்கிறவர்கள் கேட்டால் வழி சொல்லட்டும், அம்புக்குறி வேண்டும் என்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும், நான் அணைத்துவிட்டு நடக்கிறேன். கதைக்கு முக்கியமான ஒருத்தரை நான் கொன்றால் அவர் மண்டியிட்டு எழுந்து வர வேண்டாம், செத்துப்போகட்டும், அதன் விளைவை நான் சுமக்கிறேன். எட்டு குணங்களையும் திருப்பிக் கொடுங்கள். ஈட்டியைக் கொடுங்கள். முதலில் அந்த மேடையைக் கொடுங்கள், என் 'தானே'யை நான் மறுபடி செய்ய வேண்டும்.