ஏர்வால்டில் செல்லும் ரயில் டிக்கெட் ஷார்னிட்ஸில் செல்லாதாம்!

மியூனிக்கிலிருந்து ஆல்ப்ஸ் பக்கம் கிளம்புகிறவர்கள் நம்புவது இரண்டு டிக்கெட்டுகளைத்தான். ஒன்று, ஐந்து பேர் வரை சேர்ந்து போகக்கூடிய, பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் பையர்ன் டிக்கெட். இன்னொன்று, ஜெர்மனி முழுமைக்குமான, மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட். இரண்டும் ஜெர்மனிக்கானவை. ஆனாலும் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை செல்லும், குஃப்ஸ்டைன் வரை செல்லும். சரி, எல்லை தாண்டி முதல் ஊர் வரை விடுகிறார்கள் போல என்று நினைப்போம் இல்லையா? அங்கேதான் வைக்கிறார்கள் ஆப்பு.

எல்லைக்கு இந்தப் பக்கம், ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டன்கிர்ஷனில் பாதை இரண்டாகப் பிரிகிறது. மேற்கே போனால் ஏர்வால்ட், லேர்மோஸ், ராய்ட்டே. எல்லாம் ஆஸ்திரியாவின் டைரோல் மாநிலம். ரயிலில் இரண்டு டிக்கெட்டும் தாராளமாகச் செல்லும். தெற்கே போனால் ஜெர்மனியின் கடைசி ஸ்டேஷனான மிட்டன்வால்ட், அதற்கு அடுத்த நிறுத்தம் ஷார்னிட்ஸ். பத்து நிமிடப் பயணம்கூட இல்லை. அதுவும் அதே டைரோல்தான். ஆனால் அங்கே செல்லாது! மேற்குப் பாதை ராய்ட்டேயைத் தாண்டி மறுபடி ஜெர்மனிக்குள் வந்துவிடுகிறது, அதனால் விட்டுவிட்டோம் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். அப்படியென்றால் குஃப்ஸ்டைனுக்கு என்ன சமாதானம்? அந்தப் பாதை திரும்பி வருவதே இல்லையே.

இதில் கொடுமை என்னவென்றால், சில ரயில்கள் மிட்டன்வால்டில் நின்றுவிடாமல் நேராக டைரோலின் தலைநகரான இன்ஸ்புருக் வரை போகின்றன. அதே பெட்டி, அதே இருக்கை. ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் டிக்கெட் இல்லாத பயணி ஆகிவிடுகிறீர்கள்.

தப்பிக்க வழி உண்டு. ஷார்னிட்ஸைத் தாண்டியுள்ள ஸீஃபெல்ட் போக வேண்டுமானால் மொபைல் செயலியில் மியூனிக்கிலிருந்து தேடாதீர்கள், முழுப் பயணத்துக்கும் காசு கேட்கும். புறப்படும் இடமாக மிட்டன்வால்டைப் போட்டு, அங்கிருந்து ஸீஃபெல்டுக்கு மட்டும் தனி டிக்கெட் எடுங்கள். அதையும் மிட்டன்வால்ட் வந்து சேருமுன்பே எடுத்துவிடுங்கள். மலைக்குள் போனால் சிக்னல் கிடைக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

இப்படி டிக்கெட்டை வெட்டி எடுப்பதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு ஒப்பந்தம். இன்ஸ்புருக்கிலிருந்து குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட் வாங்கி வைத்திருந்து, கார்மிஷ் ரயில் தாமதமாகி அதைக் கோட்டை விட்டால், பணம் போனது போனதுதான். நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

நேரக் கணக்கு தனிக் கூத்து. பையர்ன் டிக்கெட் வேலை நாளில் காலை 9 மணிக்குத்தான் உயிர் பெறும், மறுநாள் அதிகாலை 3 மணி வரை இருக்கும். சனி, ஞாயிறு, பவேரிய விடுமுறைகளில் நள்ளிரவு முதலே செல்லும். பவேரிய விடுமுறை என்பதைக் கவனியுங்கள். அக்டோபர் 26 ஆஸ்திரியாவின் தேசிய நாள், அங்கே எல்லாம் மூடிக் கிடக்கும். அது வார நாளில் வந்தால் உங்கள் டிக்கெட்டுக்கு மட்டும் சாதாரண வேலை நாள்! 8.30 ரயிலைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால், 9 மணிக்குப் பிறகு அது நிற்கும் முதல் ஸ்டேஷன் வரை தனி டிக்கெட் எடுக்க வேண்டும். பயணிகளின் பெயர்களை எழுதவும் மறக்காதீர்கள்.

டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் இந்த 9 மணித் தொல்லை இல்லை. பதிலுக்கு வேறொன்று இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தது, 2025இல் 58, 2026இல் 63. சந்தா என்பதால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் கணக்கிலிருந்து போய்விடும். ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு இது எதற்கு?

குஃப்ஸ்டைன் பக்கம் போகிறவர்களும் ஏமாறாதீர்கள். அதே தண்டவாளத்தில் ஓடும் ஈசி (EC), ரெயில்ஜெட் எனும் நெடுந்தூர விரைவு ரயில்களில் இந்த இரண்டு டிக்கெட்டும் செல்லாது. கூடுதல் காசு கட்டிச் சமாளிக்கவும் முடியாது, முழு டிக்கெட்தான். எந்த ஸ்டேஷன் வரை செல்லும் என்பதை டிக்கெட்டிலேயே பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?